ஒன்பது முறை திரும்பி வந்த கையெழுத்துப் பிரதி

இந்த நூற்றாண்டு மலருக்கு ஆக்கங்கள் அனுப்புமாறு நாம் கேட்டிருந்தோம். எதிர்பார்த்ததிலும் அதிகமாகவே வந்து சேர்ந்தன. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டுமல்ல, ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் நம் சகோதரிகள் எழுதியிருந்தார்கள். மலரின் பக்கங்கள் எத்தனை என்பதை அச்சகம் முன்பே தீர்மானித்துவிட்டது. ஆகவே நல்லவை சிலவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கடிதங்களை எழுத உட்கார்ந்த நாளில் மலர்க்குழுவினராகிய நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பத்திரிகைக்குக் கதை அனுப்பி, அது திரும்பி வந்ததை வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்துவைத்தவர்கள் நம்மிலேயே இருவர் இருந்தோம்.

அன்றுதான் ஷார்லட் புரொண்டேயைப் பற்றி இம்மலரில் எழுதவேண்டும் என்ற எண்ணம் வந்தது. 'ஜேன் எயர்' நாவலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் முழுதாகவும், மற்றவர்கள் நூலகத்தில் கிடைத்த சுருக்கப் பதிப்பிலும் படித்தார்கள். லோவூட் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கருகிய கஞ்சி பரிமாறப்படும் கட்டத்தை வாசித்துவிட்டு விடுதிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததும் நினைவிருக்கிறது. அந்த நாவலுக்கு முன்னே இன்னொரு நாவல் இருந்ததென்பதை மட்டும் எவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

ஷார்லட் 1816 ஏப்ரல் 21ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள தோர்ண்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் பற்றிக் புரொண்டே அயர்லாந்தில் ஏழைக் குடும்பத்திலே பிறந்து, படிப்பினால் கேம்பிரிட்ஜ் வரை சென்று குருவானவர் ஆனவர். 1820இல் குடும்பம் ஹவேர்த் குருமனைக்குக் குடிவந்தது. முன்னால் கல்லறைத் தோட்டம், பின்னால் காற்று வீசும் மேட்டுநிலம். அடுத்த ஆண்டே தாயார் காலமானார். ஆறு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளத் தாயாரின் தமக்கை வந்து சேர்ந்தார். 1824இல் மூத்த பெண்கள் நால்வர் குருமாரின் மகள்மாருக்கென நடத்தப்பட்ட கோவன் பிரிட்ஜ் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். மரியாவும் எலிசபெத்தும் அங்கே நோயுற்று வீடு திரும்பி, 1825இல் ஆறு வார இடைவெளிக்குள் இறந்தார்கள். லோவூட் பாடசாலை அங்கிருந்து வந்ததுதான். அப்போது ஷார்லட்டுக்கு ஒன்பது வயது. எஞ்சிய நால்வருள் அவரே மூத்தவரானார்.

அடுத்த வருடம் தந்தையார் மகன் பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிப்பாயை எடுத்துப் பெயர் சூட்டியது. பெயருக்குப் பின் கதை வந்தது, கதைக்குப் பின் இராச்சியங்கள் வந்தன. அந்தக் கதைகளை உள்ளங்கையில் அடங்கும் சிறு புத்தகங்களாகத் தைத்து, அச்செழுத்தைப் போன்ற நுண்ணிய எழுத்திலே எழுதினார்கள். அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. வாசிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

பதினாலு வயதில் ஷார்லட் ரோ ஹெட் என்ற பாடசாலைக்குச் சென்றார். வூலர் அம்மையார் நடத்திய அந்தச் சிறு பாடசாலையில் அவருக்கு வாழ்நாள் தோழியர் இருவர் கிடைத்தார்கள், எலென் நஸியும் மேரி டெய்லரும். பின்னர் அங்கேயே ஆசிரியையானார். வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பகல் முழுவதும் பயிற்சிப் புத்தகம் திருத்திவிட்டு, இரவில் கற்பனை இராச்சியத்துக்குத் திரும்பிப் போனார்.

1836 மார்கழி விடுமுறையில், இருபது வயதில், துணிந்து ஒரு காரியம் செய்தார். நாட்டின் அரசவைக் கவிஞராக இருந்த ரொபேர்ட் சௌதேக்குத் தன் கவிதைகள் சிலவற்றை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். வாரங்கள் கடந்தன. 1837 மார்ச்சில் பதில் வந்தது. ஆற்றல் இருப்பதைச் சௌதே மறுக்கவில்லை, ஆனால் அது அரிதான ஆற்றலல்ல என்றார். பகற்கனவு மனதைக் கெடுக்கும் என்று எச்சரித்தார். இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்றும், அவளுக்குரிய கடமைகளைச் சரிவரச் செய்தால் அதற்கு நேரமே இருக்காது என்றும் எழுதினார்.

ஷார்லட் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். தன் கடமைகளைச் செய்துவருவதாகவும், தைக்கவோ கற்பிக்கவோ வேண்டிய நேரத்தில் மனம் எழுத்தை நாடுவதுண்டு என்றும், அதை அடக்க முயல்வதாகவும் அதில் கூறினார். அந்தப் பணிவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கிண்டல் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் கலந்திருந்தன என்பது நம் எண்ணம். சௌதேக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. தம் ஊர்ப்பக்கம் வந்தால் தம்மை வந்து காணும்படி அன்போடு மறுகடிதம் எழுதினார். ஷார்லட் தன் இருபத்தோராவது பிறந்தநாளன்று சௌதேயின் கடிதத்தை எடுத்து, இந்த அறிவுரையை என்றும் பேணிவைக்க வேண்டும் என்று உறையிலே குறித்து, திகதியும் இட்டுவைத்தார். கடிதம் பேணப்பட்டது. அறிவுரை அப்படியல்ல.

தம்பி பிரான்வெல் அதே குளிர்காலத்தில் வேர்ட்ஸ்வேர்த்துக்கு எழுதியிருந்தான். அவனுக்கு மறுப்புக்கூட வரவில்லை. 1840இல் ஷார்லட் ஒரு கதையின் ஆரம்பத்தைக் கவிஞர் ஹார்ட்லி கோல்ரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கிருந்தும் ஊக்கம் கிடைக்கவில்லை. இடையிலே இரு வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வீட்டாசிரியையாக வேலை பார்த்தார். இரண்டாவது வீட்டில் ஆண்டுச் சம்பளம் 20 பவுண். அதிலும் சலவைக்கென ஒரு தொகை கழிந்தது. 1842இல் தங்கை எமிலியுடன் பிரசல்ஸ் நகருக்குச் சென்று ஹெகர் தம்பதியரின் பாடசாலையில் பிரெஞ்சு படித்தார். ஹெகர் ஆசிரியர் அவருடைய கட்டுரைகளில் வேண்டாதவற்றை ஈவிரக்கமின்றி வெட்டினார். ஷார்லட்டின் மனம் அந்த ஆசிரியர் பக்கம் சாய்ந்ததும், ஊர் திரும்பிய பின் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராமற்போனதும் பெரிய கதை. இங்கே அதை விட்டுவிடுகிறோம்.

பாடசாலை ஒன்றின் மலர் இது என்பதால் இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1844இல் சகோதரிகள் தம் வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு ஒரு சிறிய விடுதிப் பாடசாலை தொடங்க முடிவெடுத்தார்கள். உணவுக்கும் படிப்புக்கும் வருடத்துக்கு 35 பவுண் எனக் கட்டணம் குறித்து, விபரப் பத்திரம் அச்சடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஊர் மிகவும் ஒதுக்குப்புறம் என்று பெற்றோர் சொன்னார்கள். அச்சடித்த அந்தப் பத்திரம் இன்று அருங்காட்சியகப் பொருள். ஒரே வாங்கில் ஐந்தாறு பிள்ளைகளோடு தொடங்கி வளர்ந்த பாடசாலைகளில் படித்த நமக்கு அதைப் பார்க்கும்போது ஏதோ செய்கிறது.

1845 இலையுதிர்காலத்தில் எமிலி மறைவாக எழுதிவைத்த கவிதைகள் ஷார்லட்டின் கண்ணில் பட்டன. எமிலி கோபித்துக்கொண்டார். சமாதானப்படுத்தவே நாட்கள் எடுத்தன. பிறகு கடைசித் தங்கை ஆனும் தன் கவிதைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மூவருடைய கவிதைகளும் கரர் பெல், எல்லிஸ் பெல், அக்டன் பெல் என்ற புனைபெயர்களில் 1846 மே மாதம் நூலாக வெளிவந்தன. பெண்ணின் பெயரைப் பார்த்தால் விமர்சகர்கள் வேறு அளவுகோலை எடுப்பார்கள் என்பதை அறிந்தே ஆணா பெண்ணா என்று தெரியாத பெயர்களைத் தேர்ந்தார்கள். அச்சுச் செலவு அவர்களுடையது. பெரியம்மா விட்டுச்சென்ற பணத்திலிருந்து 31 பவுண் 10 ஷில்லிங் கொடுத்தார்கள். ஷார்லட் வீட்டாசிரியையாக உழைத்த ஒன்றரை வருடச் சம்பளத்துக்கும் மேல் அது. ஒரு வருடத்தில் விற்ற பிரதிகள் இரண்டு. விற்காதவற்றில் சிலவற்றை வேர்ட்ஸ்வேர்த், டெனிசன் முதலான பெரியவர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார்கள். கூடவே அனுப்பிய கடிதத்தில் தங்கள் விற்பனை நிலவரத்தைத் தாங்களே நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கவிதை விற்கவில்லை என்று அறிந்த சமயத்தில் மூவரும் மூன்று நாவல்களை எழுதிமுடித்திருந்தார்கள். எமிலியுடையது 'வதரிங் ஹைட்ஸ்', ஆனுடையது 'ஆக்னஸ் கிரே', ஷார்லட்டுடையது 'த புரொபெசர்'. இரவு ஒன்பது மணிக்குத் தையலை வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தபடி எழுதியதை வாசித்தும் விவாதித்தும் உருவாக்கிய நாவல்கள் அவை. 1846 ஜூலை முதல் மூன்றையும் ஒன்றாகவே வெளியீட்டாளர்களுக்கு அனுப்பினார்கள். மூன்றும் ஒன்றாகவே திரும்பி வந்தன. ஷார்லட்டின் வாழ்க்கையை முதலில் எழுதிய எலிசபெத் கஸ்கெல் அம்மையார் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு வெளியீட்டாளரிடமிருந்து நெடுநாள் பதில் வராமற்போகவே ஷார்லட் தம்பியிடம் காரணம் கேட்டாராம். பதிலுக்கான தபால்முத்திரை வைத்து அனுப்பாததுதான் காரணம் என்று அவன் சொன்னானாம். உடனே மன்னிப்புக் கேட்டு, முத்திரையும் வைத்து மறுபடி எழுதினாராம். திரும்பி வந்த கவர்களைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பூட்டாது.

அந்த ஆகஸ்ட் மாதம் தந்தையாரின் கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்விக்க அவரை மன்செஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றார். மயக்கமருந்து பாவனைக்கு வராத காலம். எழுபது வயதை நெருங்கிய மனிதர் கால்மணி நேரம் அசையாமல் கிடந்தார். சத்திரசிகிச்சை நடந்த அதே நாளில்தான் 'த புரொபெசர்' மீண்டும் ஒருமுறை மறுப்போடு வந்து சேர்ந்தது என்கிறார் கஸ்கெல். தந்தையார் கண்கட்டுடன் இருட்டறையில் வாரக்கணக்காகப் படுத்திருக்க வேண்டும். வாடகை வீடு, அறிமுகமில்லாத நகரம். ஷார்லட்டுக்குப் பல்வலி வேறு. திரும்பி வந்த பொதியை அடுத்த வெளியீட்டாளருக்கு அனுப்பினார். அந்த வீட்டில் இருந்தபடியே 'ஜேன் எயர்' நாவலை எழுதத் தொடங்கினார்.

மறுவருடம் நடந்தது இதிலும் கடினமானது என்று நாம் நினைக்கிறோம். 1847இல் நியூபி என்ற லண்டன் வெளியீட்டாளர் 'வதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' இரண்டையும் ஏற்றுக்கொண்டார். அதற்கும் தங்கைகள் 50 பவுண் முற்பணம் கட்டவேண்டியிருந்தது. 'த புரொபெசர்' மட்டும் வேண்டாம் என்றார். மூவரும் சேர்ந்து நடந்த மேசையைச் சுற்றி, இப்போது தங்கைகள் இருவர் ஏற்கப்பட்டவர்கள், அக்கா மறுக்கப்பட்டவர். முன்வந்து வழி திறந்தவரும் கடிதம் எழுதியவரும் அக்காதான். பொறாமைப்பட்டதாக எந்தப் பதிவும் இல்லை. மனம் நோகவில்லை என்று நாம் நம்பத் தயாரில்லை.

ஆறு இடங்களில் மறுக்கப்பட்ட பின், ஜூலையில் ஷார்லட் அந்தப் பிரதியைத் தனியே லண்டன் கோர்ண்ஹில்லில் இருந்த ஸ்மித் எல்டர் நிறுவனத்துக்கு அனுப்பினார். பொதி சுற்றிய தாளும் பழையதே. முன்பு மறுத்த வெளியீட்டாளர்களின் பெயர்கள் வெறுமனே கோடு கிழிக்கப்பட்டு, வாசிக்கக்கூடிய நிலையிலேயே இருந்தன. பலர் வேண்டாமென்ற சரக்கு என்பதைப் பொதியே சொல்லிக்கொடுத்தது. உலகம் தெரியாத அப்பாவித்தனம் என்று பிற்காலத்தவர் சிரித்திருக்கிறார்கள். கடதாசி வீணாக்காத குருமனைச் சிக்கனம் என்றும் சொல்லலாம்.

இரண்டு வரி மறுப்பை எதிர்பார்த்துக் கடிதத்தைப் பிரித்தவருக்கு இரண்டு பக்கக் கடிதம் கிடைத்தது. அதுவும் மறுப்புத்தான். ஆனால் அதை எழுதிய வில்லியம் ஸ்மித் வில்லியம்ஸ் நாவலை முழுதாக வாசித்திருந்தார். நிறை எது, குறை எது, வியாபாரத்துக்கு ஏன் சரிவராது என்றெல்லாம் மரியாதையாக விளக்கி, மூன்று பாகங்களில் ஒரு நாவல் இருந்தால் கவனத்தோடு பார்ப்போம் என்று முடித்திருந்தார். சில ஏற்புக் கடிதங்களைவிட அந்த மறுப்பு தனக்கு உற்சாகம் தந்ததாக ஷார்லட் பின்னாளில் எழுதினார்.

(இந்த இடத்தை வாசித்த பிறகு நாம் எல்லோருக்கும் ஒன்றாகத் தட்டச்சுச் செய்துவைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப்போட்டோம். திருப்பி அனுப்பிய ஆக்கங்களை மறுபடி வாசித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதினோம். மலர் மூன்று வாரம் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். மன்னிக்க வேண்டும்.)

எழுதிமுடிக்கும் கட்டத்தில் இருந்த 'ஜேன் எயர்' 1847 ஆகஸ்ட் 24ஆம் திகதி புகையிரதத்தில் லண்டன் சென்றது. நிறுவன உரிமையாளர் ஜோர்ஜ் ஸ்மித்துக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஞாயிறு காலை கையில் எடுத்தவர், நண்பருடன் குதிரைச் சவாரி செல்வதாக இருந்ததை இரத்துச் செய்து, மதிய உணவையும் அறைக்கே வரவழைத்து, படுக்கப் போகுமுன் முடித்துவிட்டார். பதிப்புரிமைக்கு 100 பவுண் தருவதாகச் சொன்னார். பிற்பாடு தொகை கூட்டிக் கொடுக்கப்பட்டது. ஒக்டோபரில் நூல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. வீட்டில் இத்தனை காலமும் ஒன்றும் அறியாதிருந்த தந்தையாரிடம் ஷார்லட் ஒரு பிரதியையும் சில விமர்சனங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தார். தேநீருக்கு வந்த தந்தையார், ஷார்லட் ஒரு புத்தகம் எழுதியிருப்பதாகவும், அது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருப்பதாகவும் மற்றப் பெண்களுக்கு அறிவித்தாராம்.

வழக்கமாக இக்கதையைச் சொல்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஷார்லட்டின் வாழ்வில் மறுப்பு இங்கே முடியவில்லை.

1848 செப்டெம்பரில் பிரான்வெல் இறந்தான். டிசெம்பரில் எமிலி. 1849 மே மாதம் ஆன், ஸ்கார்பரோ கடற்கரை ஊரில். எட்டு மாதம்! எமிலியின் எழுதுபெட்டியைத் திறந்தபோது 'வதரிங் ஹைட்ஸ்' பற்றிய ஐந்து விமர்சனங்கள் கத்தரித்து வைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் கடுமையானவை. எமிலி இறந்த மாதத்தில்தான் 'குவாட்டர்லி ரிவியூ' இதழில் 'ஜேன் எயர்' மீதான மிக மோசமான தாக்குதலும் வந்தது. சமய விரோதமான நூல் என்றும், எழுதியது ஒரு பெண்ணானால் அவள் நல்ல பெண்களின் சமூகத்தில் இடமிழந்தவளாக இருக்கவேண்டும் என்றும் பெயர் வெளியிடாத விமர்சகர் எழுதியிருந்தார். அவரும் ஒரு பெண் என்பது பிறகு தெரியவந்தது. அதற்குப் பதிலாக ஒரு முன்னுரை எழுதி அடுத்த நாவலான 'ஷேர்லி'யில் சேர்க்க ஷார்லட் விரும்பினார். அவருடைய சொந்த வெளியீட்டாளர்களே அதை ஏற்கவில்லை.

ஒன்பது மணியானதும் மேசையைச் சுற்றி நடக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை. தனியாக நடந்தார். அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்கத் தன் நெஞ்சு வலித்ததாகப் பணிப்பெண் மார்த்தா கஸ்கெல் அம்மையாரிடம் சொல்லியிருக்கிறார். 'ஷேர்லி' அப்படித்தான் எழுதி முடிக்கப்பட்டது.

'த புரொபெசர்' என்னவாயிற்று? 'ஜேன் எயர்' வெற்றிபெற்ற சில வாரங்களிலேயே, அதைத் திருத்தி விரித்து எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள். 'ஷேர்லி' வந்த பிறகும் கேட்டார். ஒரு முன்னுரைகூட எழுதி வைத்திருந்தார். 1851 பெப்ரவரியில் மறுபடியும் வேண்டாம் என்றார்கள். இங்கிலாந்து முழுதும் அறிந்த எழுத்தாளர், தன் நூல்களால் பணம் ஈட்டிய அதே வெளியீட்டாளரிடம், தன் முதல் நாவலுக்கு மூன்றாம் முறையாக இல்லை என்ற பதிலைப் பெறுகிறார். ஆறு பிறருடையது, மூன்று உங்களுடையது, ஆக ஒன்பது என்று ஜோர்ஜ் ஸ்மித்துக்குக் கணக்குக் காட்டி எழுதிய கடிதத்தில் அவர் தன்னைத்தானே வாழ்த்திக்கொள்கிறார். பிரதியைத் தாம் பத்திரமாக வைத்திருப்பதாக ஸ்மித் சொன்னதற்கும் இணங்கவில்லை. சுருட்டுப் பற்றவைக்க உதவும் என்று எடுத்துவிடுவீர்கள் என்று கேலி செய்துவிட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பூட்டிவிட்டு மறந்துவிடவில்லை. அந்த நாவலின் களம் பிரசல்ஸ் பாடசாலை. கதை சொல்பவன் ஓர் ஆண். ஆணின் குரல் தனக்குப் பொருந்தி வரவில்லை என்பதை யாரும் சொல்லாமலே அவர் உணர்ந்திருக்க வேண்டும். அதே நகரத்தை, அதே பாடசாலைத் தாழ்வாரங்களை, லூசி ஸ்னோ என்ற தனிமைப்பட்ட ஆசிரியை ஒருத்தியின் வாயால் சொன்னார். 1853 ஜனவரியில் வெளிவந்த 'வில்லெட்' அது. 'ஜேன் எயர்' நாவலிலும் சிறந்தது என்போர் உண்டு. மலர்க்குழுவில் இதுபற்றி இரு கட்சி இருக்கிறது.

1854 ஜூன் 29ஆம் திகதி தந்தையாரின் உதவிக் குருவானவர் ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணந்தார். தந்தையார் முதலில் அந்தச் சம்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்து, பின்பு இணங்கினார். ஒன்பது மாதம்தான். கர்ப்பமாக இருந்த நிலையில் நோயுற்று 1855 மார்ச் 31ஆம் திகதி, முப்பத்தொன்பது வயது நிறையுமுன் ஷார்லட் காலமானார். புதிய நாவல் ஒன்றின் தொடக்க அத்தியாயங்கள் மேசையில் இருந்தன.

அலுமாரியில் இருந்ததைக் கணவர் எடுத்துக் கொடுக்க, 'த புரொபெசர்' 1857இல் அச்சேறியது. வெளியிட்டவர்கள் மூன்று முறை மறுத்த அதே ஸ்மித் எல்டர் நிறுவனத்தார். அவர் கைப்பட எழுதிய பிரதி இன்று நியூயோர்க் நகரில் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது.